போடிமெட்டில் ஏறுங்கள், கம்பம்மெட்டில் இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் தேனி மாவட்ட மலைச்சாலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மேகமலை நான்கையும் விவரித்துவிட்டு, ‘சைக்கிளிலும் போகலாம்’ என்று ஒரே வரியோடு நிறுத்தியிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் காரில் போகிறவருக்குக் கிலோமீட்டர் கணக்கு போதும். சைக்கிளில் போகிறவருக்கு எந்தப் பக்கம் ஏறுவது, எத்தனை மணிக்கு ஏறுவது, எந்த மாதம் தள்ளிப்போடுவது என்பவை தெரிந்தாக வேண்டும். தெரியாமல் வந்து பாதி மலையில் தண்ணீரும் தெம்பும் தீர்ந்து, ஜீப்பில் சைக்கிளை ஏற்றித் திரும்புகிற இளைஞர்களை விடுமுறை நாட்களில் இங்கே பார்க்கலாம். அவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

முதலில் நில அமைப்பு. மேற்கே ஏலமலை சுவர்போல நிற்கிறது. கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாறு ஓடிவந்து, தேனியைத் தாண்டி வைகையில் கலக்கிறது. மேற்குச் சுவரில் ஏற மூன்று நல்ல தார்ச்சாலைகள் உண்டு: போடியிலிருந்து போடிமெட்டு, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, லோயர் கேம்பிலிருந்து குமுளி. மேலே கேரளப் பக்கத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் வழியாக ஒரு சாலை மலைமுகட்டை ஒட்டித் தெற்கே போகிறது. ஆக, ஒரு சாலையில் ஏறி முகட்டிலேயே போய் இன்னொன்றில் இறங்கினால் அருமையான சுற்று கிடைக்கும். போடி – போடிமெட்டு – பூப்பாறை – நெடுங்கண்டம் – கம்பம்மெட்டு – கம்பம் – உத்தமபாளையம் – கோம்பை – தேவாரம் – போடி. ஏறத்தாழ 140 கிலோமீட்டர். சமவெளியில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர் இதை விடிந்து தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

இதை ஏன் போடிமெட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்? போடிமெட்டுச் சாலை நீளமானது, சரிவு சீரானது. முந்தல் சோதனைச்சாவடியிலிருந்து உச்சிவரை 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஏற்றம். சராசரியாகப் பார்த்தால் 5 சதவீதச் சரிவு. கம்பம்மெட்டுச் சாலை அதைவிடக் குட்டையானது, செங்குத்து கூடுதலானது. கால் புதிதாக இருக்கும் காலையில் நீண்ட ஏற்றத்தை முடித்துவிட்டு, களைத்த பிற்பகலில் குறைந்த தூரம் இறங்குவது உடம்புக்கு நல்லது. இன்னொரு காரணம் வானிலை. முகட்டில் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே மேகம் கூடும். எதிர்ச்சுற்றில் வந்தால் மாலை நான்கு மணிக்குப் போடிமெட்டின் மூடுபனியில் நின்று, ஈரச் சாலையில் 20 கிலோமீட்டர் இறங்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் போடிமெட்டுச் சரிவுக்கு ஒரு குணம் உண்டு. அது கிழக்கு நோக்கிய மலைமுகம். சூரியன் எழுந்த நிமிடத்திலிருந்து வெயில் நேராக முதுகில் விழும். கீழ்ப்பாதியில் நிழலும் குறைவு. எட்டரை மணிக்கு மேல் பாறையும் தாரும் சூடேறிவிட்டால், அதே ஏற்றம் இரண்டு மடங்கு கடினமாகத் தெரியும். அதனால் முதல் நாள் இரவு போடியில் தங்கிவிடுங்கள். முந்தல் வரையிலான 7 கிலோமீட்டரை விளக்கு வைத்துக்கொண்டு விடியுமுன் கடந்து, வெளிச்சம் பரவும்போது முதல் வளைவில் இருக்க வேண்டும். வழியிலுள்ள புலியூத்து என்ற இடத்தைத் தாண்டிவிட்டால் காற்றில் குளுமை தொடங்கும். மணிக்கு 8 முதல் 9 கிலோமீட்டர் வேகம் போதும். இரண்டரை மணி நேரத்தில் உச்சி வந்துவிடும். முந்தலுக்கும் போடிமெட்டுக்கும் இடையே கடையை நம்பிப் போகக்கூடாது. 750 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். பசி எடுப்பதற்கு முன்பே, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ நாலு துண்டு கடலைமிட்டாயோ உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர அரைமணி ஆகும். அதற்குள் உடம்பு சோர்ந்துவிடும்.

கியரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலையுயர்ந்த ரோடு சைக்கிள்களில் பல, முன்னே 52, 36 பல் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள், பின்னே 11 முதல் 28 பல் வரையான பற்சக்கரங்களோடு வருகின்றன. சமவெளிக்கு அது சரி. முன்னே 36, பின்னே 28 பல்லில் செயினை வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 11.4 கிலோமீட்டர். 7.5 சதவீதச் சரிவில், சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையை அந்த வேகத்தில் ஏற்ற சுமார் 200 வாட் வேண்டும். பழக்கமில்லாதவரால் அதைப் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாது. மிதியின் வேகம் 45, 40 என்று இறங்கும். எடை முழுவதும் முழங்கால் மூட்டில் விழும். முன்னே 34, பின்னே 34 பல் இருந்தால் அதே 70 சுற்றுக்கு வேகம் 8.8 கிலோமீட்டர், தேவை 155 வாட் அளவுதான். பின் கேசட்டை (பற்சக்கர அடுக்கை) மட்டும் 11–32 அல்லது 11–34 ஆக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மாற்றும்போது பின் டீரெய்லர் (செயினைப் பற்சக்கரம் மாற்றி நகர்த்தும் கருவி) அந்த அளவைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செயினுக்கும் சில கண்ணிகள் கூடுதலாக வேண்டியிருக்கும். பழைய செயினையே போட்டு, முன்னும் பின்னும் பெரிய பற்சக்கரத்திலேயே விழவைத்தால் டீரெய்லரே முறிந்துபோகும். கடையை விட்டுக் கிளம்புமுன் எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

வளைவுகளில் ஏறும்போது கவனிக்க வேண்டியது: கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில்தான் சரிவு மிக அதிகம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் அந்த உள்விளிம்பில் மாட்டிக்கொள்வோம். வளைவுக்கு 20 மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய், மிதி இறுகிய பிறகு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். எதிரே பேருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் இடது ஓரத்தில் நின்றுவிடுங்கள். திரும்புவதற்குப் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் தேவை. மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதிதான். அந்த இடத்தில் விதியை நம்பி நிற்க வேண்டாம்.

பேருந்தைவிடக் கவனிக்க வேண்டியவை தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகள். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும்; வேலை முடிந்து மாலையில் இறங்கும். வேலைக்கு நேரமாகிவிடும் என்ற அவசரம் ஓட்டுநருக்கு இருக்கும். போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் இதே கதைதான். காலையில் நாமும் அவர்களும் ஒரே திசையில் போவதால் ஆபத்து குறைவு; பின்னால் சத்தம் கேட்டால் ஓரம் கொடுத்துவிடலாம். மாலையில்தான் கவனம் தேவை. நாலு மணிக்குள் கம்பம்மெட்டு இறக்கத்தை முடித்துவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

முகட்டுச் சாலை சமமாக இருக்கும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் அதிகம். போடிமெட்டிலிருந்து பன்னியாறு ஓடும் பூப்பாறைக்கு இறக்கம். அங்கிருந்து சாந்தன்பாறை, உடும்பன்சோலை நோக்கி மறுபடியும் ஏற்றம். ஏலத்தோட்ட நிழல் இருப்பதால் வெயில் தெரியாது. ஆனால் நீளமான ஒரே ஏற்றத்தைவிட இந்தத் துண்டு துண்டான ஏற்ற இறக்கங்களே கால்களை அதிகம் வாட்டும். இங்கே சில கிலோமீட்டருக்கு ஒரு கடைத்தெரு வருவதால் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கவலை இல்லை. ஒன்றை மட்டும் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்: இடுக்கி மாவட்டத்தில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா? ஹர்த்தால் அன்று சாலை காலியாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு டீ கூடக் கிடைக்காது. பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதி யானைகளின் இடம். 2023இல் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் வந்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும் முகட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது. சத்தமில்லாமல் போகும் வண்டி என்பதால், யானைக்கு நாம் வருவது தெரியாது. நமக்கும் வளைவுக்கு அப்பால் அது நிற்பது தெரியாது.

நெடுங்கண்டத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்றரை மணிக்குள் கிளம்பினால், கூட்டார் வழியாக மூன்று மணிக்கு முன்பே கம்பம்மெட்டுக்கு வந்துவிடலாம். அங்கே நின்று ஐந்து நிமிடம் பிரேக்கைப் பாருங்கள். இந்தச் சுற்றில் எலும்பு முறிவது பெரும்பாலும் ஏறும்போதல்ல, இறங்கும்போது.

இறக்கத்தில் பயந்து, பிரேக்கை விடாமல் பிடித்தபடி மெதுவாக இறங்குவது பலரது வழக்கம். பாதுகாப்பு என்று நினைத்து அப்படிச் செய்கிறார்கள். 80 கிலோ மொத்த எடை, 7 சதவீதச் சரிவு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், ஏறத்தாழ 240 வாட் வெப்பம் இடைவிடாமல் பிரேக்கில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரிம் பிரேக் என்றால் அந்தச் சூடு ரிம்மின் வழியே டியூபுக்குப் போகும். உள்ளே காற்றழுத்தம் ஏறும். டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவி வெடிக்கும். கார்பன் ரிம்மாக இருந்தால் அதிலுள்ள பிசினே இளகும். அப்படிப்பட்ட சக்கரத்தோடு இந்த இறக்கத்துக்கு வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்க் பிரேக்கில் கோளாறு வேறு மாதிரி. பேடின் (பிரேக் கட்டையின்) மேற்பரப்பு சூட்டில் கண்ணாடிபோலப் பளபளப்பாகி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. புதுப் பேடு மாட்டினால் அதே நாளில் மலைக்குக் கொண்டுவராதீர்கள். சமதளத்தில் 25–30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, முழுதாக நிற்காமல், இருபது தடவை பிடித்துப் பழக்கிய பிறகே மலைக்குச் சரிப்படும்.

சரியான முறை இது. நேர்ச்சாலையில் உடம்பை நிமிர்த்திக் காற்றுத் தடையை வேகத்தைக் குறைக்க விடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, சில நொடி மட்டும் பிடித்து வேகத்தைத் தேவையான அளவுக்குக் கொண்டுவாருங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, எடை அந்தக் காலில், பார்வை வளைவு முடியும் இடத்தில். சாலை ஈரமாக இருந்தால் ரிம் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும். அதனால் பிரேக் பிடிக்கும் இடத்தை இன்னும் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஒருமுறை நின்று, விரல் நுனியால் ரிம்மை லேசாகத் தொடுங்கள். தொட முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். டிஸ்க் தட்டை மட்டும் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், தோல் உரிந்துவிடும். டயர் 28 மில்லிமீட்டர் என்றால் 70 கிலோ எடையுள்ளவருக்குப் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதுமானது. கல்லுப்போல அடித்துவைத்தால் வளைவில் கிடக்கும் சிறு ஜல்லியே வழுக்கிவிடும்.

கீழே கம்பத்துக்கு வந்துவிட்டால் உத்தமபாளையம் வரை 10 கிலோமீட்டர் மட்டும் நெரிசலான சாலை. அதன் பிறகு தேசிய நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். உத்தமபாளையத்தில் மேற்கே திரும்பி கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடிக்குப் போகும் சாலை, மலையடிவாரத்தை ஒட்டியே ஓடுகிறது. மாலையில் மேற்கு மலையின் நிழல் சாலை மேல் விழுவதால் வெயில் கிடையாது. கனரக வண்டிகளும் குறைவு. ஏற்றம் ஏறப் பிடிக்காதவர்கள் இந்த ஒரு சாலைக்காகவே வரலாம். திராட்சைத் தோட்டம் பார்க்க ஆசைப்படுபவர்கள் கிழக்குப் பக்கம், கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கமாகப் போகலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த மண்ணுக்குத்தான்.

அடிவாரச் சாலையில் எதிரி முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலும் சாலையோர மண்ணில் கொட்டிக்கிடக்கும். தாரை விட்டு மண்ணில் இறங்கி நின்றாலே போதும், டயரில் நாலைந்து முள் ஏறிவிடும். நிற்க வேண்டுமானால் கடை வாசலிலோ கல் பாவிய இடத்திலோ நில்லுங்கள். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் முழுச் சுற்றும் துடையுங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். இரண்டு டியூப், ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு கட்டாயம். ஊர்க் கடைகளில் கிடைப்பது சாதாரண சைக்கிளின் டியூப்; ரோடு சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவர்களிடம் காற்றடிக்கும் முனை இருக்காது. அதற்கான பித்தளை அடாப்டர் சட்டைப்பையில் கிடக்கட்டும்.

இனி மாதக் கணக்கு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உகந்த காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முகட்டில் தென்மேற்குப் பருவமழை; கீழே பள்ளத்தாக்கில் மழை இல்லாவிட்டாலும் காற்று. கம்பம் பக்கமிருந்து தேனி நோக்கி அது வீசும் வேகத்தில், தேனியிலிருந்து கம்பத்துக்கு எதிர்க்காற்றில் மிதிப்பதும் ஒரு மலை ஏறுவதும் ஒன்றுதான். அந்த மாதங்களில் காலையில் பேருந்திலோ வண்டியிலோ சைக்கிளைக் கம்பத்துக்குக் கொண்டுபோய், காற்றை முதுகில் வாங்கியபடி தேனிக்கு ஓட்டிவரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் போடிமெட்டுச் சாலையில் மண்சரிவும் பாறை உருளுவதும் அடிக்கடி நடப்பவை. மழை பெய்த மறுநாள் வெயில் அடித்தாலும் போகக்கூடாது. ஊறிய மண் காயும்போதும் கல் பெயரும். கார்த்திகை தொடங்கி மகரஜோதி முடியும் வரை சபரிமலை வண்டிகளுக்காக ஒருவழிப்பாதை அமலாகும்போது, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மேலே போகவும், குமுளி வழியாக இறங்கவும் விடுவார்கள். நான் சொல்லும் சுற்றில் அந்த நாட்களில் வந்தால், கம்பம்மெட்டு இறக்கத்தில் ஏறிவரும் வண்டி வரிசைக்கு எதிரே மாட்டிக்கொள்வீர்கள். குமுளி மலைச்சாலை எந்தக் காலத்திலும் சைக்கிளுக்கு என் பரிந்துரை அல்ல. தூரம் குறைவு, லாரியும் சுற்றுலா வண்டியும் அதிகம், ஒதுங்க இடம் குறைவு.

மற்றச் சாலைகள் பற்றிச் சுருக்கமாக: சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். 2021 முதல் அது புலிகள் காப்பகம். வனத்துறைச் சாவடியில் அனுமதி கேட்டு, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். முந்தலில் பிரிந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும் குரங்கணிச் சாலை, ஒரு காலைப்பொழுதுக்கு ஏற்றது. தார் முடியும் இடத்தோடு திரும்பிவிடுங்கள். 2018 மார்ச்சில் 23 பேரைக் காட்டுத்தீ கொண்டுபோன மலை அதற்கு மேல்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறையிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஊர் எல்லைகளில் சாலையின் முழு அகலத்துக்கும் தடிமனான வெள்ளைக் கோடுகளை அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். இறக்கத்தில் வரும் சைக்கிளுக்கு அது ஹேண்டிலையே கையிலிருந்து உதறிவிடும். இடது ஓரத்தில் அரை மீட்டர் இடைவெளி விட்டால் கார்களின் வேகமும் குறையும், சைக்கிளும் பிழைக்கும். அடுத்து, மலைச்சாலையில் பள்ளம் அடைத்த பிறகு ஒட்டாத ஜல்லியை வளைவிலேயே விட்டுப்போகிறார்கள். மாலையில் ஒருமுறை பெருக்கித் தள்ளிவிட்டுக் கிளம்பினால் போதும். இருசக்கர வாகனங்களில் வரும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி அணைகளின் நீர்மட்டத்தையும், தேக்கடி, போடி, உத்தமபாளையம் மழையளவையும் தேனிச் செய்திகளில் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். தேக்கடி மழையளவைப் பார்த்தே முகட்டின் நிலையை நாங்கள் ஊகிக்கிறோம். அந்தக் கட்டத்தின் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, மேகமலைச் சாலைகள் திறந்திருக்கின்றனவா, எங்காவது மண்சரிவு உண்டா, ஒருவழிப்பாதை அமலில் இருக்கிறதா என்று. காவல் துறையிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் முந்தின மாலையே கேட்டு வாங்கிவிடக்கூடிய தகவல்தான் அது.

இப்படிக்கு,
போடி வாசகர் ஒருவர்